கார் பெயின்ட்டில் தண்ணீர்க் கறை: நீக்கும் முறையும் தடுக்கும் முறையும்

கருப்பு அல்லது அடர்நீல நிறக் காரைப் போர் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினால், பானெட்டிலும் கூரையிலும் சிறு சிறு வெள்ளை வளையங்கள் தோன்றிவிடும். மறுநாள் ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் அவை போவதில்லை. ஈரமாக இருக்கும்போது மறைந்துவிட்டதாகத் தோன்றும். காய்ந்ததும் அதே இடத்தில் அதே வடிவில் திரும்ப வந்து நிற்கும். முதல் கார் வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறி, அழுத்தித் தேய்த்தோ கடையில் கிடைத்த ஏதோ ஒரு திரவத்தை ஊற்றியோ கறையைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையிலும் பிற கடலோர ஊர்களிலும், உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு காரைப் பராமரிக்க வேண்டியவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மென்மையான முறையில் தொடங்க வேண்டும், அது பலிக்காதபோது மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால், பெரும்பாலான கறைகளை வீட்டிலேயே நீக்கிவிடலாம்.

கறை எப்படி உருவாகிறது

நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர்த்துளி வெயிலில் காயும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரையும் தன்மையுள்ள பைகார்பனேட், கரையாத கார்பனேட்டாக மாறிவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் குளியலறைக் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படிவது இதே பொருள்தான். நீரிலிருந்து வந்த படிவாக இருந்தும் மறுபடி நீர் ஊற்றினால் அது கரையாமல் இருப்பதற்குக் காரணம் இந்த மாற்றமே. துளி காயும்போது உப்பு அதன் விளிம்பை நோக்கி நகர்ந்து சேர்வதால், கறை பொட்டாக இல்லாமல் வளையமாகத் தெரிகிறது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். நீரில் கரைந்துள்ள மொத்த உப்பை டிடிஎஸ் என்று அளக்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி, ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கப்படுகிறது. கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவுக்கு, இந்த எல்லைகள் 200 மற்றும் 600 மில்லிகிராம். உங்கள் அடுக்குமாடியின் போர் தண்ணீரில் டிடிஎஸ் 1500 என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வாளி ஒன்றில் ஏறத்தாழ 22 கிராம் உப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்கும் மேல், கரைந்திருக்கிறது. காரின் மேல் காயவிடப்படும் ஒவ்வொரு துளியும் தன் பங்கை அங்கேயே விட்டுச் செல்கிறது.

கடற்காற்றில் வரும் சாதாரண உப்பு இவ்வளவு பிடிவாதமானதல்ல. அது தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். மழைநீர் இயல்பில் மென்மையானது; ஆனால் காரின் மேலிருக்கும் தூசியோடு கலந்து காய்ந்தால் அதுவும் கறையாகும். மணலி, எண்ணூர் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் நிறுத்தப்படும் கார்களின் மேல் படியும் தூசியிலும் புகையிலும் அமிலத்தன்மையுள்ள பொருள்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், அங்கே மழைக்குப் பின் வெயில் அடித்தால் தாமதிக்காமல் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுவது நல்லது.

முதலில் ஆழத்தைக் கண்டறியுங்கள்

எல்லாத் தண்ணீர்க் கறைகளும் ஒன்றல்ல. காரின் நிறப் பூச்சுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான். தலைமுடி இழையைவிட மெல்லியது. கறை இந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அதற்குள் அரித்து இறங்கிவிட்டதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, நிழலில் நிறுத்தி, செல்போன் டார்ச்சைப் பரப்புக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத வளையங்கள் சாய்ந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். பிறகு மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் அந்த இடத்தை லேசாக வருடுங்கள். சொரசொரப்பாக நெருடினால், படிவு மேலே இருக்கிறது என்று பொருள். இது எளிதாகப் போகக்கூடிய வகை. வழுவழுப்பாக இருந்தும் வளையம் தெரிந்தால், உப்பு போய்விட்டாலும் அது தொட்ட இடம் அரிக்கப்பட்டிருக்கிறது. சுத்தம் செய்த பின்னும் நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால், வீட்டு வேலையோடு அது தீராது.

கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்

அதிகாலையோ மாலையோ, நிழலில், எஞ்சின் ஆறிய பிறகு கழுவுங்கள். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பார்க்கும்போது வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது. சூடான தகட்டில் ஷாம்பூவும் தண்ணீரும் உடனே காய்ந்து, கழுவும் வேலையே புதிய கறைகளை உண்டாக்கிவிடும்.

முதலில் வெறும் தண்ணீரால் தூசியை ஓட்டிவிட்டு, கார் ஷாம்பூ கலந்த வாளி ஒன்றும் துணியை அலச வேறொரு வாளியும் வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மேலே பூசியிருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம். ஒரு பக்கத்தை முடித்ததும் அலசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மண்ணும் மணலும் முழுதாகப் போகாமல் அடுத்த படிக்குப் போனால், அவையே கீறல்களாக மாறும்.

மென்மையான அமிலம்

கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும். இதற்குச் சமையலறையில் இருக்கும் வெள்ளை வினிகரே போதும். போத்தலில் அசிட்டிக் அமிலம் 5 சதவீதத்துக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குச் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்துகொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் கேன்களில் விற்கும் பேட்டரி தண்ணீர் இதற்கு ஏற்றது. ஆனால் பேட்டரி ஆசிட் என்பது முற்றிலும் வேறான, ஆபத்தான பொருள் என்பதால், கேனின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். வினிகர் வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு ஐந்து கிராம் என்ற கணக்கில் கரைத்துக்கொள்ளலாம்.

கையுறை போட்டுக்கொண்டு, கதவின் கீழ்ப்பகுதியில் கண்ணுக்குப் படாத ஒரு சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். நிறம் மங்காமல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஒரு மைக்ரோஃபைபர் துணியைக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, கறையுள்ள இடத்தின் மேல் தேய்க்காமல் விரித்துப் போடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு அழுத்தம் கொடுக்காமல் ஒரே திசையில் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பூ தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். அமிலக் கரைசலைப் பெயின்ட்டின் மேல் காயவிடக் கூடாது என்பது இந்தப் படியில் மீறக் கூடாத விதி. ஆகவே கார் முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்காமல், பானெட்டில் பாதி, ஒரு கதவு என்று பகுதி பகுதியாகச் செய்யுங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் இன்னும் இரண்டு முறை செய்து பார்க்கலாம். கரைசலின் வீரியத்தைக் கூட்டுவதைவிட, மறுபடி செய்வது எப்போதும் பாதுகாப்பானது.

எங்கே இதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சில்லாத அலுமினியப் பட்டைகள், பளபளப்பற்ற மேட் பெயின்ட், அண்மையில் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்ட பகுதி, பூச்சு உரிந்து அடிநிறம் தெரியும் இடம் ஆகியவற்றில் அமிலம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்ட்டின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால், அதை ஒட்டியவர்களிடம் கேட்ட பிறகே எதையும் தடவுங்கள்.

குளியலறை டைல்ஸ் கழுவும் ஆசிட்டைக் காருக்கு எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை நொடியில் கரைவதைப் பார்த்து மகிழ்வதற்குள் குரோம், போல்ட், பிரேக் பாகங்கள் எல்லாம் துருவேறத் தொடங்கிவிடும். பிளீச்சிங் பொருளோடு எந்த அமிலத்தையும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். எலுமிச்சைப் பழத்தைப் பாதியாக அறுத்து நேரடியாகத் தேய்ப்பதும் புளி கொண்டு தேய்ப்பதும் பித்தளைப் பாத்திரத்துக்குச் சரி. காரின் பெயின்ட்டில், அமிலத்தின் அளவு கட்டுப்பாட்டில் இல்லாததோடு சக்கையும் நாரும் கீறவும் செய்யும். பற்பசை ஒரு தேய்ப்புப் பொருள் என்பதால் அதுவும் வேண்டாம்.

வினிகருக்கு அசையாத படிவு

கால்சியம் சல்ஃபேட்டும் சிலிக்காவும் கலந்த படிவுகள் வினிகரில் எளிதில் கரைவதில்லை. சொரசொரப்பு இன்னும் மிச்சமிருந்தால் கிளே பார் எனப்படும் களிமண் போன்ற கட்டியைப் பயன்படுத்துங்கள். அதில் மென்மையான வகையை வாங்கி, ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் தட்டையாக்கி, ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்த பரப்பில், நேர்க்கோட்டில் முன்னும் பின்னுமாக, கையின் எடை மட்டுமே படும்படி நகர்த்துங்கள். தொடக்கத்தில் கரகரவென்று இழுக்கும் சத்தம் கேட்கும். படிவு கட்டியில் ஒட்டிக்கொண்டு வர வர, சத்தம் அடங்கிக் கை வழுக்கிக்கொண்டு போகும். அந்த மாற்றம் வந்ததும் நிறுத்திவிடலாம். கட்டியை அடிக்கடி மடித்துப் புதிய பக்கத்தைப் பயன்படுத்துங்கள். தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் கதவு முழுக்கக் கோடு போட்டுவிடும்.

பாலிஷ்

அமிலமும் கிளே பாரும் முடிந்து, பரப்பு கண்ணாடி போல் வழுவழுப்பாகியும் வளையத்தின் நிழல் தெரிந்தால், கிளியர் கோட் அரிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சமன்படுத்த ஒரே வழி, சுற்றியிருக்கும் பூச்சையும் சிறிது தேய்த்து எடுப்பதுதான். பாலிஷ் என்பது பெயின்ட்டில் எதையும் சேர்க்கும் வேலை அல்ல, குறைக்கும் வேலை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இருக்கும் 40 மைக்ரானில் ஓரிரு மைக்ரான் போவது பெரிய இழப்பல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை, பளபளப்புக்காக ரப்பிங் என்ற தேய்ப்பு பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தால், வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காக்கும் அந்தப் பூச்சு மெலிந்து, சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் உரியத் தொடங்கும். சாலையில் நம் முன்னே போகும் பழைய கார்களின் கூரையில் தோல் உரிந்தாற்போல் தெரியும் வெள்ளைத் திட்டுகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நாலைந்து வளையங்கள்தான் என்றால் கையாலேயே செய்யலாம். மென்மையான ஃபினிஷிங் பாலிஷைப் பட்டாணி அளவு எடுத்து, ஃபோம் பேடில் வைத்து, ஒரு சாண் அளவுள்ள இடத்தில் மட்டும் மிதமான அழுத்தத்தில் தேய்த்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். கொஞ்சமாவது குறைந்திருந்தால் தொடரலாம். கதவின் விளிம்புகளிலும் பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியதாக இருக்கும் என்பதால், அவற்றை விட்டு விலகியே தேய்க்க வேண்டும்.

கார் முழுவதும் கறை என்றால் சுழன்றுகொண்டே அசைந்தும் தேய்க்கும் டூயல் ஆக்ஷன் வகை பாலிஷ் மெஷின் தேவைப்படும். அதைப் பழகாதவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது. கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்களா, முதலில் ஒரு சிறிய இடத்தில் செய்து காட்டுவார்களா? இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால் வேறு கடையைப் பாருங்கள். நகம் சிக்கும் ஆழமான குழிகளை முழுதாக நீக்க முயல்வதைவிட, கண்ணுக்கு உறுத்தாத அளவுக்குக் குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. கறையின் தடத்தோடு இருக்கும் பூச்சு, பூச்சே இல்லாமல் போவதைவிட மேலானது.

கண்ணாடிக்கு வேறு கணக்கு. முன்கண்ணாடியில் வினிகர்க் கரைசலை ஐந்து நிமிடம் வரை வைத்திருக்கலாம். பானெட்டில் வழியாமல் அடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் போகாவிட்டால் கண்ணாடிக்கென்று விற்கும் சீரியம் ஆக்சைடு பாலிஷ் உதவும்.

கூரையிலிருந்து சொட்டும் சுண்ணாம்பு

அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்துபவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மேல்தளத்தில் நீர் கசிந்தால், அது கான்கிரீட்டுக்குள் இறங்கி, சிமென்ட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு, கீழே நிற்கும் காரின் மேல் சொட்டும். போர் தண்ணீரைப் போல் இது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல; கடுமையான காரத்தன்மை கொண்டது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கல்லாக இறுகுவதால், பால் வழிந்தாற்போன்ற தடித்த கோடுகளாக நிற்கும். காரம் என்பதால் பெயின்ட்டையும் வேகமாகப் பாதிக்கும். பார்த்த அன்றே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலே சொன்ன வினிகர் முறையைச் செய்யுங்கள். காய்ந்த கட்டியை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள். வினிகரில் நனைத்த துணியை ஒவ்வொரு நிமிடமும் மாற்றி மாற்றிப் போட்டால், விளிம்பிலிருந்து சிறு குமிழிகள் கிளம்பித் தானாக இளகி வரும். கூரையில் வெள்ளைக் கோடோ தொங்கும் சிறு கூம்போ தெரியும் இடத்தில் காரை நிறுத்த வேண்டாம். இடம் மாற்ற வழியில்லாவிட்டால் சங்கத்திடம் சொல்லிக் கசிவை அடைக்கும் வரை, சொட்டும் இடத்துக்கு நேராக ஒரு தகரத் தட்டைக் கூரையில் பொருத்திவிடலாம்.

வராமல் தடுப்பது

தடுப்பு முறைகளில் எது முக்கியம் என்று கேட்டால், கடைசியாக ஊற்றும் தண்ணீரும் உடனே துடைப்பதும்தான் என்று தயங்காமல் சொல்வேன். கழுவும் தண்ணீர் முழுவதும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் கழுவி, அது காய்வதற்குள், இரண்டு மூன்று லிட்டர் உப்பில்லாத தண்ணீரைக் கைப்பம்ப் ஸ்பிரேயரில் ஊற்றிக் கூரையிலிருந்து தெளித்து அலசினால் போதும். பேட்டரி தண்ணீர் ஒரு வழி. ஏசியின் வடிகுழாயிலிருந்து வருவது காற்றின் ஈரம் குளிர்ந்து உருவான நீர் என்பதால், அதில் உப்பு மிகக் குறைவு. ஓரிரவில் சில லிட்டர் சேரும். தூசியும் பாசியும் இல்லாதபடி துணியில் வடிகட்டி, புதியதாகவே பயன்படுத்துங்கள். சுத்தமான மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் நன்று.

ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரில் கார் கழுவுவது தண்ணீர் சிக்கனம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சிக்கனம் சரியான எண்ணம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காரில் என்றால் டயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருவதால், டிடிஎஸ் மீட்டரில் எண் குறையாது, காய்ந்தால் தடமும் தெரியும். ஆயினும் அந்தத் தடம் நல்ல தண்ணீரில் கரைந்து போய்விடும்.

துடைப்பதற்கு, தண்ணீரை நன்றாக உறிஞ்சக்கூடிய அடர்த்தியான மைக்ரோஃபைபர் துண்டை வாங்குங்கள். பழைய பனியன் துணி தண்ணீரை உறிஞ்சுவதைவிட இழுத்துப் பரப்புவதே அதிகம். துண்டைப் பரப்பின் மேல் விரித்து, இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுத்தால் போதும். கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, பக்கவாட்டு என்ற வரிசையில் துடைத்த பிறகு, எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள்ளும் கைப்பிடியின் பின்னும் பெட்ரோல் மூடியின் ஓரத்திலும் நம்பர் பிளேட்டின் மேலும் ஒளிந்திருக்கும் தண்ணீர், நீங்கள் வேலை முடிந்தது என்று உள்ளே போன பிறகுதான் சொட்டு சொட்டாக வழியும். கதவில் கண்ணாடிக்குக் கீழே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு நிரந்தரமாக இருக்கும் கார்களில் நடந்திருப்பது இதுவே.

மெழுகு, சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு, கெட்டியாக இறுகும் செராமிக் கோட்டிங் ஆகியவை உப்புக்கும் கிளியர் கோட்டுக்கும் இடையே ஒரு அடுக்காக நின்று, படிவை எளிதாக எடுக்க உதவுகின்றன. நம் வெயிலில் மெழுகை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர்க் கறையே வராது என்று விற்பனையில் சொல்வார்கள், அது உண்மையல்ல. கோட்டிங் மேல் நீர் உருண்டையாக நிற்பதால், துடைக்காமல் விட்டால் கறை இன்னும் திட்டமான வட்டமாகவே விழும். கோட்டிங் போட்டவர்களும் துடைத்தே ஆக வேண்டும்.

காலையில் வந்து கார் துடைக்கும் அண்ணனிடம் வேலையை ஒப்படைத்திருப்பவர்கள், அவரிடம் இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். ஒரே வாளியிலும் ஒரே துணியிலும் பத்துக் கார்களைத் துடைக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. கடைசிக் காருக்கு வரும்போது அந்தத் தண்ணீரில் உப்போடு மண்ணும் சேர்ந்திருக்கும். உங்கள் காருக்கென்று இரண்டு துண்டுகளை டிக்கியில் வைத்துவிடுங்கள். தினமும் ஈரத்துணியால் துடைப்பதற்குப் பதில் வாரம் ஒருமுறை முறையாகக் கழுவச் சொல்லி, அதே சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள். கடைசி அலசலுக்கான ஐந்து லிட்டர் கேனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் காட்டிவிடுங்கள்.